பெருஞ்சீரகம் மணக்கும் இரை

மச்சான்,

போன கிழமை பெர்மெஸ்ஸோவை, அதுதான் வதிவிட அனுமதியை, புதுப்பிக்கக் குவெஸ்தூராப் பொலிஸ் கந்தோருக்குப் போனேன். வாசலில், பையில் இருப்பதையெல்லாம் தட்டில் போடச் சொன்னார்கள். சாவிக்கொத்து, சில்லறை, திருநீற்றுப் பொட்டலம் எல்லாவற்றையும் போட்டேன். ஜாக்கெட்டின் உள்பைக்குள் கையை விட்டால் விரலில் வழுவழுவென்று ஏதோ ஒட்டியது. எடுத்துப் பார்த்தால் உன்னுடைய டியூப், அந்தப் பிளாஸ்டிக் தூண்டில் இரை. பச்சையும் பழுப்புமாக, நடுவிரல் நீளத்தில், வாலில் குஞ்சம் தொங்க, தட்டின் நடுவே கணவாய்க் குஞ்சு மாதிரிக் கிடந்தது.

காவலுக்கு நின்ற பெண் அதைப் பேனாவால் தள்ளி, குனிந்து மணந்து பார்த்தாள். "பெருஞ்சீரகம் மணக்கிறதே, இது தின்பண்டமா?" என்று இத்தாலியனில் கேட்டாள். "ஓம், ஆனால் மீனுக்கு" என்றேன். பின்னால் வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். உள்ளே போய்க் கதிரையில் இருந்த பிறகுதான், இதைச் சொல்லிச் சிரிக்க நீ இல்லை என்பது நெஞ்சில் வந்து குந்தியது. இலக்கம் கூப்பிட்டது கூடக் காதில் விழவில்லை.

நாங்கள் பிளாஸ்டிக் இரையில் இறங்கியதற்கு என் மனைவிதான் காரணம் என்று பலெர்மோ முழுக்கச் சொல்லித் திரிந்தாய். அது உண்மைதான். நீ கால்சாப் பகுதியில் ஒரு கிழவரின் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டிருந்தாய். நான் ஒரு சிஞ்ஞோரா அம்மாவின் வீட்டில் தரை துடைத்துக்கொண்டிருந்தேன். இருவருக்கும் சேர்ந்தாற்போல லீவு கிடைப்பது வியாழன் பின்னேரம் மட்டும். முதல் தடவை மொன்ரியாலே ஊருக்கு அப்பாலுள்ள அணைக்கட்டு ஏரிக்குப் போனபோது, இரைக்கென்று ஸ்ஃபெர்ராகவால்லோ மீன்துறையிலிருந்து ஒரு பை இறால் வாங்கி வந்தாய். பை கிழிந்து, தண்ணீர் பின்சீற்றுக்கு அடியில் ஊறிவிட்டது. நாங்கள் கவனிக்கவில்லை. மறுநாள் வெள்ளிக்கிழமை. தலைமுழுகி, பூத்தட்டோடு கோயிலுக்குப் போகக் காரில் ஏறிய என் மனைவி கேட்டாள்:

"இதுக்குள்ளை ஆர் செத்தது?"

அன்று பின்னேரமே உன்னையும் கூப்பிட்டு வைத்துக் கட்டளை போட்டாள். "வியாழக்கிழமையிலை இந்தக் காருக்குள்ளை மீன் மச்சம் ஏறக்கூடாது. உயிரோடையும் வேண்டாம், செத்தும் வேண்டாம்."

மன்னாரில் பரம்பரையாக வலை வீசிய குடும்பத்துப் பிள்ளை நீ. இறாலும் இல்லாமல், பிடித்த மீனைக் கொண்டு வரவும் வழியில்லாமல் ஏரிக்குப் போவதா என்று என்னைப் பரிதாபமாகப் பார்த்தாய். அடுத்த கிழமை தூண்டில் கடையில் அந்த டியூப் பொட்டலத்தைக் கண்டுபிடித்தது நான்தான். நீ அதை நேரே என் வீட்டுக்குக் கொண்டு போய், வழக்குச் சாமான் மாதிரி என் மனைவியின் முன்னால் வைத்தாய். அவள் எடுத்து மணந்தாள். இரண்டாம் தரமும் மணந்தாள்.

"பெருஞ்சீரக வாசம். மீன் வாசம் இல்லை. சைவந்தான், கொண்டு போங்கோ."

அதற்குப் பிறகு இரண்டு பேரும் பட்ட பாடு கொஞ்சமா? பாஸ் என்கிற அந்த மீன், அணை கட்டியபோது தண்ணீருக்குள் தாண்டுபோன மரங்களுக்கு அடியில் ஒளிந்து கிடக்கும். டியூபின் வயிறு வெறும் கூடு. ஈயக்குண்டு வைத்த தூண்டிலை வால் பக்கத்தால் உள்ளே செருகி, குண்டை மூக்குக்குள் கொண்டுபோய் வைத்தால், அது சுற்றிச் சுற்றி இறங்கும். "அது விழுற வடிவைப் பாத்தால் எனக்கே கவ்வோணும் போலை கிடக்கு" என்பாய். ஆனால் தூண்டில் முள் வெளியே நிற்பதால் எறிகிற இடமெல்லாம் கொப்பில் கொளுவிக்கொள்ளும். முள்ளை மூக்கால் குத்தி எடுத்து, திருப்பி, நுனியை டியூபின் தோலுக்குள் ஒளித்துவிட்டால் கொப்பில் மாட்டாது என்று நான் போனில் படித்துச் சொன்னேன். நீ கேட்கவில்லை. இரண்டு மாதத்தில் ஏரிக்கடியில் நின்ற மரமொன்றை அறுந்த டியூபுகளால் நத்தார் மரம் மாதிரிச் சோடித்துவிட்டாய்.

நிறத்திலும் அதே பிடிவாதம். தெளிந்த தண்ணீருக்குப் பச்சை-பழுப்பு, கலங்கிய தண்ணீருக்குக் கறுப்பு என்று நான் சொல்லச் சொல்ல நீ வெள்ளையைத்தான் எடுப்பாய். "கணவாய் வெள்ளைதானே?" ஏரியில் கணவாய் ஏது என்று கேட்டால், "அது மீனுக்குத் தெரியுமோ? மீன் என்ன யூடியூப்போ பாக்குது?" என்பாய். இதே கதையைப் போகும்போதும் வரும்போதும் கதைத்தோம். ஒரு தரம் கோபத்தில் உன்னை நடுவழியில் இறக்கிவிட்டு, வளைவு திரும்பியதும் மனம் கேட்காமல் திரும்பி வந்தேன். நீ மதில் மேல் இருந்து, ஆரோ தந்த மண்டரின் தோடம்பழத்தை உரித்துத் தின்றுகொண்டிருந்தாய். எனக்கு ஒரு சுளை கூடத் தரவில்லை.

உனக்கு அது வெறும் பொழுதுபோக்கு இல்லை என்பது எனக்குத் தெரியும். ஞாயிறு பூசை முடிந்து ஊருக்குப் போன் எடுக்கும்போதெல்லாம் அங்கே இருக்கிற உன் அண்ணர் கேட்பது ஒன்றுதான்: "உன்ரை கையாலை ஒரு மீனாவது பிடிச்சியோடா?" இத்தனை வருஷமாகக் கிழவரின் நாற்காலியைப் பிடித்த கையை உன் அண்ணருக்குக் காட்ட உனக்கு வெட்கம். ஒரே ஒரு மீனோடு அவர் முன்னால் நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

அந்த வியாழன் உன் வெள்ளை டியூப் எல்லாம் முடிந்துபோயிருந்தது. வேறு வழியில்லாமல் என் பச்சை-பழுப்பை வாங்கி, முகத்தைச் சுளித்துக்கொண்டு, முள்ளைத் தோலுக்குள் ஒளித்து எறிந்தாய். கடலில் பழகின மாதிரி நூலை விரலில் வைத்துக்கொண்டு நின்றாய். டியூப் தாண்டுகொண்டிருக்கும்போதே நூல் பக்கவாட்டில் நகர்ந்தது. நீ தூண்டிலை ஒரு வெட்டு வெட்டினாய். தண்ணீரைக் கிழித்துக்கொண்டு மீன் எழும்பியது.

"போனை எடு மச்சான்! அண்ணைக்குக் காட்டோணும்!"

எடுத்தேன். மூன்று நிமிஷம் எடுத்தேன். நீ மீனைத் தூக்கிப் பிடித்தாய், எதையோ கத்தினாய், நானும் கத்தினேன். பிறகு அதன் வாயிலிருந்து டியூபைக் கழற்றி என் ஜாக்கெட் பைக்குள் போட்டுவிட்டு, முழந்தாளில் இருந்து மீனைத் தண்ணீரில் விட்டாய். காரில் ஏற்ற முடியாதே. ஏரிக்கரை இத்தாலியப் பெடியள் கை தட்டினார்கள். கொள்கைக்காக விடுகிறாய் என்று நினைத்திருப்பார்கள். என் மனைவிக்குப் பயந்து விட்டாய் என்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்?

காரில் ஏறியதும் நான்தான் முதலில் பார்த்தேன். போனின் கமரா என் பக்கம் திரும்பியிருந்திருக்கிறது. மூன்று நிமிஷமும் என் முகம். கண்ணாடி சரிந்து, வாய் பிளந்து, கண் இரண்டும் வெளியே வந்து, நானே பார்க்கச் சகிக்காத ஒரு முகம். படத்தில் மீனின் செதில் கூட விழவில்லை.

"காட்டு" என்றாய்.

"அழிஞ்சுபோச்சு மச்சான்" என்றேன்.

அடுத்த ஞாயிறு நீ அண்ணருக்கு வாயால்தான் சொன்னாய். அண்ணர் நம்பவில்லை. "பிளாஸ்டிக்கை எந்த மீனடா தின்னும்? படம் எங்கை?" என்று சிரித்தாராம். உங்கள் ஊரில் வலையும் வள்ளமும் வைத்திருக்கும் முதலாளியைச் சம்மாட்டி என்பார்கள். அன்றிலிருந்து உனக்குப் பெயர் பிளாஸ்டிக் சம்மாட்டி. இரண்டு வருஷம் அந்தப் பெயரைச் சிரித்துச் சிரித்தே சுமந்தாய். பிறகு வேறு மீன் எதுவும் உனக்குக் கொளுவவில்லை. ஒருநாள் வேலைக்குப் போகிற வழியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு குந்தியவன், பிறகு எழும்பவில்லை.

மச்சான், அது அழியவில்லை. என் அசிங்கமான முகத்தை உன் ஊர் பார்த்துச் சிரிக்குமே என்று ஒளித்துவிட்டேன். இதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். நான் செய்தது படுமோசமான வேலை.

உன் முப்பத்தோராம் நாள் பூசை முடிந்த பின்னேரம், உன் அண்ணருக்குப் போன் எடுத்து எல்லாவற்றையும் சொன்னேன். வீடியோவை அனுப்பினேன். அவர் பார்க்கிற சத்தம் எனக்குக் கேட்டது. முதலில் என் கத்தல். அதற்கு மேலாக உன் குரல்: "அண்ணை, பார்! பாரண்ணை! பிளாஸ்டிக்கிலைதான்!"

அந்த மூன்று நிமிஷமும் நீ அவரோடுதான் கதைத்திருக்கிறாய். நான் என் முகத்தைத்தான் பார்த்தேனே தவிர, உன் குரலை அன்றுவரை ஒழுங்காகக் கேட்டதே இல்லை.

உன் அண்ணர் மறுபடி போட்டுக் கேட்டார். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னார்:

"தம்பி, மீன் தெரியேல்லை. ஆனால் நாப்பது வருசமாய்க் கரையிலை நிண்டு முகங்களைப் பாக்கிறன். உம்மடை வாய் இவ்வளவு பிளந்து நிக்குதெண்டால், அவன் பிடிச்சது நல்ல பெரிய மீன்தான்."

இப்போது அது ஊர் முழுக்கச் சுற்றுகிறதாம். கரையிலுள்ள மீன்வாடியில் என் வாயைப் பார்த்து, இத்தனை கிலோ என்று உன் மீனுக்கு நிறை சொல்கிறார்களாம். ஆளுக்கொரு நிறை, நாளுக்கு நாள் கூடுகிறதாம். டியூபை மனைவியிடம் காட்டினேன். மணந்து பார்த்துவிட்டு, திரும்ப என் ஜாக்கெட் பைக்குள்ளேயே வைத்தாள்.

நேற்று மன்னாரிலிருந்து தெரியாத ஒருவர் போன் எடுத்தார்.

"பிளாஸ்டிக் சம்மாட்டியின்ரை மீனைக் கண்ட அந்த வாய், நீங்கள்தானோ?"

"ஓம்," என்றேன். "நான்தான்."