நீ கேட்ட நாலு வாரம்

மச்சான்,

போன சனிக்கிழமை வண்டி துடைத்துக்கொண்டிருந்தேன். ஸ்கூட்டர் சீட்டைத் தூக்கி, உள்ளே கிடந்த மழைக்கோட்டையும் பழைய துணிகளையும் வெளியே எடுத்துப் போட்டபோது, சீட்டின் அடிப்பக்கத்தில் ஏதோ கையில் தட்டுப்பட்டது. தோல் நிறத்தில் ஒரு டேப் துண்டு. பௌலிங் பந்தின் துளை விரலை அறுக்காமல் இருக்கக் கட்டைவிரலில் சுற்றிக்கொள்வோமே, அந்த டேப். ஆட்டம் முடிந்ததும் நீ அதைக் குப்பைத்தொட்டியில் போட்டதாகச் சரித்திரமே இல்லை. என் ஹெல்மெட்டில் ஒட்டுவாய், சட்டை முதுகில் ஒட்டுவாய். ஒரு தடவை என் சாப்பாட்டு டப்பாவின் அடியில் ஒட்டிவிட, வீட்டில் அதைப் பல்லி என்று நினைத்து என் மனைவி போட்ட கூச்சல் தெருக்கோடி வரை கேட்டது. இதை எப்போது ஒட்டினாய் என்று எனக்குத் தெரியவில்லை. பிய்த்துப் பார்த்தேன். பசை இருந்த பக்கத்தில் உன் விரல் ரேகை பதிந்திருந்தது. துணியைப் போட்டுவிட்டு வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன்.

நீ போய் ஒன்றரை வருடம் ஆகிறது. கடிதம் எழுதுகிற வழக்கம் எனக்குக் கிடையாது, உனக்கே தெரியும். கம்பெனியில் நான் எழுதியதெல்லாம் உன் டிபார்ட்மென்டுக்கு எதிரான புகார்கள்தான். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரே கூரையின் கீழ் பதினோரு வருடம் இருந்தோம். நீ பிளானிங், நான் குவாலிட்டி. முறைப்படி பார்த்தால் நாம் இருவரும் பரம எதிரிகளாக இருந்திருக்க வேண்டும். நீ சரக்கை அனுப்பத் துடிப்பாய், நான் குறை கண்டுபிடித்து நிறுத்தி வைப்பேன். "மாமே, உங்கிட்ட பொண்ணு பாக்கச் சொன்னா ஒருத்தனுக்கும் கல்யாணம் ஆவாது" என்று நீ கேன்டீனில் எல்லார் முன்னாலும் சொன்ன நாளில்தான் நாம் நண்பர்களானோம்.

பௌலிங் நமக்கு வந்த கதையை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. கம்பெனி குடும்ப விழா என்று ஒரு மாலுக்குக் கூட்டிப்போனார்கள். வழவழப்பான மரத்தரை, கோடியில் பத்து பின், கையில் ஏழெட்டுக் கிலோ பந்து. நூம்பல் ஊர்க்காரன் நீ, விரல் ஓட்டை எதற்கென்றுகூடக் கேட்காமல், பந்தை இரண்டு கையாலும் பிடித்துக் குனிந்து, கால் நடுவே உருட்டிவிட்டாய். அது ஆடி அசைந்து, பக்கத்துக் குழியில் விழப் போய், விழாமல் திரும்பி, பத்தையும் சாய்த்தது. நீ திரும்பி என்னைப் பார்த்தாய். "இதுக்கா இத்தினி பில்டப்பு?" என்றாய். அடுத்த மாதமே ஞாயிற்றுக்கிழமை காலை லீக்கில் நாலு பேராகப் பெயர் கொடுத்துவிட்டோம்.

முதல் இரண்டு வருடம் நாம் கடைசி இடத்துக்குத்தான் போட்டி போட்டோம். அதைப்பற்றி உனக்கு ஒரு கவலையும் இருந்ததில்லை. வாரம் முழுக்கக் காதில் ஒட்டியிருக்கும் போனை, பந்து உருட்டும் லேனுக்கு வந்ததும் கழற்றிய ஷூவுக்குள் போட்டு லாக்கரில் வைத்துவிடுவாய். நாம் செய்யும் பாகம் போய்ச் சேராவிட்டால் கார் கம்பெனியில் உற்பத்தி லைன் நின்றுவிடும், லைன் நின்றால் உன் தலை உருளும். அந்தப் பயத்தோடு ஆறு நாள் இருக்கிறவனுக்கு ஞாயிறு காலை மூன்று மணி நேரம்தான் மூச்சு. பந்து குழியில் விழுந்தாலும் சிரிப்பாய்.

அதைக் கெடுத்தவன் நான்தான். எனக்கு எதையும் சும்மா விட்டு வைக்கத் தெரியாது. நோட்டு போட்டேன். யாருக்கு எந்தப் பின் விடுபடுகிறது, எந்தக் கால் முந்துகிறது என்று எழுதினேன். புதன்கிழமை வேலை முடிந்ததும் பயிற்சி என்றேன். உன் நடையை வீடியோ எடுத்து, லைன் நிற்கப்போகிறது என்று நீ யாரிடமோ கெஞ்சிக்கொண்டிருந்த நேரத்தில் உனக்கு வாட்ஸப்பில் அனுப்பினேன். நாம் முன்னேறியது உண்மை. மூன்றாவது வருடம் பாதி லீக்கிலேயே இரண்டாம் இடத்துக்கு வந்தோம். நீ சிரிப்பது குறைந்ததை நான் கவனம் கூடியதாக எடுத்துக்கொண்டேன்.

அந்த வருடம்தான் உன் அப்பா பக்கவாதம் வந்து படுத்தார். அவரைப் புரட்டிப் போட்டு, குளிப்பாட்டி, அதற்கப்புறம் பஸ் பிடித்து வருவாய். பிளானிங்கில் இருந்த இன்னொருவர் வேலையை விட்டுப் போக, அவர் நாற்காலியும் உன் தலையில் விழுந்தது. லேனில் நீ பந்தை விட்டதும் அது போய்ச் சேருவதற்கு முன்பே திரும்பிவிட ஆரம்பித்தாய். எத்தனை விழுந்தது என்று பார்ப்பதில்லை. உன் முறை வந்தால் தோளைத் தட்டிச் சொல்ல வேண்டியிருந்தது. "இன்னா மச்சான், பந்தப் பாக்க மாட்டியா?" என்று கேட்டேன். "உட்டாச்சு இல்ல மாமே, இனிமே அது பாடு" என்றாய். நான் நோட்டில் 'பந்தை விட்ட பின் நிலை சரியில்லை' என்று எழுதிக்கொண்டேன். அந்தப் பக்கம் இன்னும் இருக்கிறது. கிழித்துப்போட நான்கு தடவை எடுத்தேன், முடியவில்லை.

ஒரு ஞாயிறு, ஆட்டம் முடிந்து வரும் வழியில் வேலப்பன்சாவடியில் டீ குடிக்க நின்றோம். லீக்கில் நாலு வாரம் பாக்கி இருந்தது. நீ டீயைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் நின்றாய்.

"மாமே, இந்த நாலு வாரம் எனக்கு பிளைண்டு போட்டுக்கிறியா?"

லீக்கில் அப்படி ஒரு வழக்கம். நாலு பேரில் ஒருவர் வராவிட்டால், அவருடைய சராசரியில் பத்தைக் கழித்து மிச்சத்தை அவர் பெயரில் எழுதிக்கொள்ளலாம். வராதவருக்கு அதுதான் பிளைண்டு. ஆள் வீட்டில் தூங்கலாம், பெயர் ஆடிக்கொண்டிருக்கும்.

"ஏன், உடம்புக்கு இன்னா?" என்றேன்.

"உடம்புக்கு ஒண்ணுமில்ல. எத்தையும் கையில புடிக்கத் தோணல மாமே. பந்து, போனு, இந்த டீ கிளாசு, எதுவும். சும்மா ஊட்ல படுத்துக்கினு கெடக்கணும் போல கீது."

நான் என்ன செய்தேன் தெரியுமா? கணக்குப் போட்டேன். ஒரு ஆட்டத்துக்குப் பத்து பின், வாரத்துக்கு மூன்று ஆட்டம், நாலு வாரம். நூற்றிருபது பின் போய்விடும். முதல் இடத்துக்கும் நமக்கும் அவ்வளவுகூட இடைவெளி இல்லை. உன் முகத்தைப் பார்த்து எனக்குத் தோன்றியது அந்த நூற்றிருபதுதான்.

"லீக் முடியட்டும் மச்சான். அப்புறம் நீ எத்தினி மாசம் வேணா படுத்துக்கினு கெட. நான் கேக்கவே மாட்டேன்."

"சரி, உட்டுடு" என்றாய். டீயைக் கீழே ஊற்றிவிட்டு வண்டியில் ஏறினாய்.

கம்பெனியில் ஒரு திருகு தேய்ந்து வந்தால்கூட ஏன், ஏன் என்று ஐந்து தடவை கேட்டு, ஐந்துக்கும் பதில் எழுதிக் கையெழுத்து வாங்குகிறவன் நான். பதினோரு வருட சிநேகிதன் எதையும் பிடிக்கத் தோன்றவில்லை என்று சொன்னபோது, அது ஏன் என்று ஒரு தடவைகூட நான் கேட்கவில்லை.

நாலு வாரமும் வந்தாய். ஒரு வாரம்கூடத் தாமதமாக வரவில்லை. நாம் ஜெயித்தோம். மூன்று பேர் கத்திக்கொண்டிருந்தோம். நீ பெஞ்சில் உட்கார்ந்து ஷூ கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தாய். கோப்பையை உன் மடியில் வைத்து, "பாத்தியா, உனக்கு பிளைண்டு போட்டிருந்தா கவுந்திருப்போம்" என்றேன். "ஆமா மாமே, நல்ல வேள" என்றாய். அதில் கேலி இருந்ததா என்று இத்தனை நாள் யோசித்துப் பார்த்துவிட்டேன். இல்லை. நீ அதை நம்பித்தான் சொன்னாய்.

ஜெயித்த பதினோராம் நாள், காலை பத்தரை மணிக்கு, உன் மேஜையில் போனைப் பிடித்தபடியே சாய்ந்துவிட்டாய். சத்தம் கேட்டு ஓடி வந்தேன். போனில் யாரோ இன்னும் "சார், லோடு கெளம்பிச்சா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். கம்பெனி வண்டியில் உன் தலை என் மடியில் இருந்தது. ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் நீ போய்விட்டாய். நெடுநாளாக இதயத்தில் இருந்த கோளாறு, யாருக்கும் தெரிந்திருக்காது என்றார் டாக்டர். பந்து உருட்டி யாரும் சாவதில்லை என்பது எனக்கும் தெரியும். எல்லாரும் எனக்கு அதைத்தான் சொல்கிறார்கள்.

ஒரு மாதம் கழித்து அந்த நாலு வார ஸ்கோர் ஷீட்டுகளை எடுத்துக் கூட்டினேன். கூட்டியிருக்கக் கூடாது, ஆனால் என் புத்தி அப்படி. உன் சராசரி நூற்றைம்பத்தெட்டு. பிளைண்டு போட்டிருந்தால் ஆட்டத்துக்கு நூற்று நாற்பத்தெட்டு கிடைத்திருக்கும். அந்தப் பன்னிரண்டு ஆட்டத்தில் நீ ஆடியது அதற்கும் கீழே. மொத்தத்தில் இருபத்தைந்து பின் குறைவு. அதாவது நீ கேட்டபடி உன்னை வீட்டில் படுக்க விட்டிருந்தால், நாம் இன்னும் இருபத்தைந்து பின் அதிகம் எடுத்து ஜெயித்திருப்போம். எதற்காக உன்னை மறுத்தேனோ அந்தக் கணக்கே தப்பு மச்சான். மறுபடியும் மறுபடியும் கூட்டிப் பார்த்தேன். இருபத்தைந்துதான் வந்தது.

அடுத்த சீசன் தொடங்கியபோது லீக் செக்ரட்டரி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். நல்ல மனிதர். "இந்த சீசன் முழுக்க அவரு பேரு போர்டுலயே இருக்கட்டும் சார். ரூல்ல எடமில்ல, இருந்தாலும் பிளைண்டு குடுத்துடுறோம்" என்றார். நாலு வாரம் கேட்டவனுக்குச் செத்த பிறகு பதினாறு வாரம் கொடுத்தோம். முதல் ஞாயிறு உன் முறை வந்தபோது திரையில் உன் பெயர் மின்னி, யாரும் எழுந்திருக்காததால் அடுத்த பெயருக்குத் தாவியது. நான் பந்தை வைத்துவிட்டு வெளியே வந்தேன். அதற்கப்புறம் போகவில்லை.

இதற்கெல்லாம் மேல் ஒன்று என்னை அரித்துக்கொண்டிருந்தது. உன் காரியத்தன்று உன் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஞாயித்துக்கெயம அங்க வந்தாதாண்ணா அவரு சிரிச்ச மூஞ்சா இருப்பாரு. நீங்க இல்லன்னா அதுவும் இருந்திருக்காது" என்றாள். எல்லார் முன்னாலும் சொன்னாள். நான் தலையாட்டினேன். ஒன்றரை வருடமாக அந்தப் பெயரை வைத்துக்கொண்டு உன் வீட்டில் காபி குடித்துக்கொண்டிருக்கிறேன்.

டேப் கிடைத்த மறுநாள் நூம்பலுக்குப் போனேன். உள்ளே உன் அப்பா தூங்கிக்கொண்டிருந்தார். உன் மனைவி கூடத்தில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். டீக்கடையில் நீ கேட்டதை, நான் மறுத்ததை, அந்த இருபத்தைந்தை. திட்டுவாள், வெளியே போகச் சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். உண்மையில் அதற்குத்தான் போனேன்.

அவள் கையிலிருந்த பூண்டுப் பல்லைத் தட்டில் வைத்தாள்.

"எங்கிட்டயும் கேட்டாருண்ணா" என்றாள். "பத்து நாளு லீவு போட்டுட்டு சும்மா படுத்துக்கினு கெடக்கட்டுமான்னாரு. லீவு போடுறதுதான் போடுறீங்க, மாமாவுக்கு ஸ்கேன், டெஸ்டு எல்லாம் கெடப்புல கீது, அத்த முடிச்சிடலாம்னேன். அப்பிடியா, அப்ப வேணாம் வுடுன்னுட்டாரு."

பிறகு, கம்பெனி மேனேஜரிடமும் நீ கேட்டிருக்கிறாய் என்றாள். அவர் அடுத்த மாதம் பார்க்கலாம் என்றாராம். நீ ஒவ்வொரு வாசலாகப் போய்க் கேட்டிருக்கிறாய். பணமோ பதவியோ இல்லை, கொஞ்சம் சும்மா இருக்க. எங்கள் எல்லாருக்கும் உன்னால் ஆக வேண்டிய வேலை ஒன்று கையில் இருந்தது.

நான் கிளம்பும்போது அவள் வாசல் வரை வந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"எளச்சிட்டீங்கண்ணா. நைட்ல தூக்கம் வருதா உங்களுக்கு?"

"நல்லா கீறேம்மா" என்றேன். அப்படிச் சொன்ன வாய் மூடுவதற்குள் அழுதுவிட்டேன். தெருவில் போகிறவர்கள் பார்த்தார்கள். அவளும் அழுதாள். இத்தனை நடந்தும் அவளால் என்னைப் பார்த்துத் தூக்கம் வருதா என்று கேட்க முடிந்திருக்கிறது. எனக்கும் அவளுக்கும் உன்னிடம் மட்டும் அது வாயில் வரவில்லை மச்சான். கேட்டிருந்தால் அந்த டீ ஆறுவதற்குள் நீ சொல்லி முடித்திருப்பாய்.