பனமலைக்கு ஒரு டிக்கெட்

செஞ்சி
8-7-2025

நர்சிங் படிக்கும் அன்பு அக்காவுக்கு,

செஞ்சிக் கோட்டை முதல் போனைப் பறித்துவைக்கும் உன் சென்னை ஹாஸ்டல் வரை சகலருக்கும் அறிவிப்பது: பிறந்ததிலிருந்து ஒரு ஜோக்கும் அடிக்காத நம் நைனா, நேற்று முழு நாடகமே போட்டார். கட்டிலில் உட்கார்ந்தபடி என்னைக் கண்டக்டராக்கி, பனமலைக்கு ஒரு டிக்கெட் கேட்டார். நான் விசில் அடித்துச் சில்லறை கேட்டேன். மாத்திரை அட்டையை நீட்டினார். வயிற்றில் நீர் கோத்ததாலோ என்னவோ, பெற்ற பிள்ளையையே ‘நீர் யார்’ என்கிறார். அம்மா மட்டும் சிரிக்கவில்லை. காய்ச்சல் இல்லை, வலி இல்லை, தூக்கம் கெட்ட அசதி என்கிறாள்.

கடலை மூட்டையோடு வரும் சுந்தரமூர்த்தி மாமாவிடம் இதைக் கொடுத்திருக்கிறேன்.

அனந்தபுரம் வழி கண்டக்டர்,
இனியன்


சென்னை
9-7-2025

இனியா,

நான் சிரிக்கவில்லை. உடனே விழுப்புரம் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்படி வார்டன் போனில் அம்மாவிடம் சொல்லிவிட்டேன். மீதியை இதில் எழுதியிருக்கிறேன், மாமா வார்டுக்கே கொண்டுவருவார்.

அது நாடகம் இல்லை. கல்லீரல் சுருங்கியவர்களுக்கு வயிற்று நீரில் கிருமி பரவினால், காய்ச்சலோ வலியோ இல்லாமல் பேச்சு மட்டும் தடுமாறலாம். தொட்டுப் பார்த்துச் சொல்ல முடியாது. ஊசியால் கொஞ்சம் நீர் எடுத்து, வெள்ளையணுக்களை எண்ணினால்தான் தெரியும். கிருமிக்கான மருந்து ஏற்றும் முன்பே எடுப்பது நல்லது.

நீர் எடுத்த பிறகுதான் பெரியப்பா இறந்துபோனார் என்று அம்மா மறுப்பாள். அவருக்குத் தாமதமாக எடுத்தார்கள். நீதான் பேசிச் சம்மதிக்க வைக்க வேண்டும். வாய் எதுக்குடா இருக்குது உனக்கு?

கலைமதி


விழுப்புரம்
13-7-2025

அன்புள்ள அக்காவுக்கு,

வெற்றி. நீ சொன்னபடியே அம்மா பெரியப்பாவை இழுத்தாள். “அவருக்கு லேட்டா எடுத்தாங்கம்மா. நைனாவுக்கும் லேட்டாகணுமா?” என்றேன். சரியென்று தலையாட்டினாள்.

எடுத்த நீர் வடித்த கஞ்சி மாதிரி கலங்கல். அணுக்கள் ஏகத்துக்கும் அதிகம். கிருமிதான் என்று டாக்டர் அப்போதே மருந்து ஏற்றினார். நேற்று நைனா என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார்.

நோயைக் கண்டுபிடித்தது நான்தான் என்று வார்டு முழுக்கச் சொல்லிவைத்திருக்கிறேன். பக்கத்துக் கட்டில் பொன்னுசாமி என்னை டாக்டர் தம்பி என்றே கூப்பிடுகிறார்.

உன்னிடம் மட்டும் ஒரு திருத்தம். அந்தக் கலங்கலை நான் பார்க்கவில்லை, நர்ஸ் சொன்னதுதான். ஊசியைக் கண்டதும் டாக்டர் தம்பி தரையில் கிடந்தார். அம்மா அதையும் நைனாவிடம் சொல்லிவிட்டாள். இன்று காலை நைனா கேட்டார்: “இன்னாடா, ஊசி எனக்கு, மயக்கம் உனக்கா?”

இன்னொன்று. அன்றைக்கு டிக்கெட் கேட்டாரே, அப்போதே எனக்குப் பயமாகத்தான் இருந்தது. அதனால்தான் விசில் அடித்தேன்.

இனியன்