இல்லாத நாய்

ஜூன் 2, திங்கள்

கம்பெனி டிஸ்பென்சரி நர்ஸ் ஹீனா சிஸ்டர் கொடுத்த நோட்டு இது. தினமும் என்ன சாப்பிட்டேன் என்று எழுத வேண்டும். மாதக் கடைசியில் காட்ட வேண்டும். பஸ் டிரைவர்களுக்கு நடந்த செக்கப்பில் என் மூன்று மாத சராசரி சர்க்கரை 9.2. டிரைவர்களில் நான்தான் முதல் இடம். பிரஷரிலும் நான்தான்.

காலை: நாலு இட்லி. மதியம்: சாதம் ஒரு கப். எந்த கப் என்று சிஸ்டர் சொல்லவில்லை. ராத்திரி: மூன்று சப்பாத்தி.

ஜூன் 4, புதன்

காலை: நாலு இட்லி. மதியம்: சாதம். அதற்குப் பிறகு மூன்று மணி நேரம் தூக்கம்.

தூக்கத்தை எழுதச் சொல்லவில்லை. ஆனால் நான் ஜாஸ்தி எடுத்துக்கொள்வது அதைத்தான். காலை எட்டு மணிக்கு ஷூ கம்பெனி வாசலில் பெண்களை இறக்கிவிட்டால் சாயங்காலம் ஐந்தரை வரை எனக்கு வேலை இல்லை. பஸ் கடைசி சீட்டில் படுத்துவிடுவேன். ராத்திரியும் எட்டு மணி நேரம் தூங்குகிறேன். எழுந்தால் தலை கனக்கிறது, தூங்காதவன் மாதிரியே இருக்கிறேன். தனகோடியிடம் சொன்னால், "வயசாச்சு இல்ல" என்கிறாள். என் மனைவி. அவளுக்கும் அதே வயசுதான்.

ஜூன் 9, திங்கள்

என் பஸ்ஸில் வரும் நசீமுன்னிசா அக்கா, எல்லோருக்கும் நசீமா அக்கா, பக்ரீத்துக்கு வந்த மக்கன் பேடா இனிப்பு கொண்டுவந்து கொடுத்தார். ஒன்று சாப்பிட்டேன். இரண்டு.

ஜூன் 11, புதன்

மாதனூர் தாண்டி ஹைவேயில் ஏறிய பிறகு நடந்தது. கண் மூடியது எனக்குத் தெரியாது. திறந்ததுதான் தெரியும். இடது சக்கரம் இரண்டும் மண்ணில் ஓடிக்கொண்டிருந்தன. எதிரே ஒரு புளியமரம்.

ஒடித்துப் பிரேக் போட்டேன். ஐம்பத்து நாலு பெண்களும் எழுந்துவிட்டார்கள். யாருடைய டிபன் பாக்ஸோ உருண்டு வந்து என் காலடியில் நின்றது.

முதல் சீட்டில் இருந்த நசீமா அக்கா, "இன்னா தம்பி?" என்றார்.

"நாய்" என்றேன்.

"அடி படலியே?"

"இல்லக்கா."

"அல்லா காப்பாத்தினான்" என்றார்.

நாய் இல்லை. ரோட்டில் ஒன்றுமே இல்லை. இதை எழுதிவிட்டால் இந்த நோட்டை சிஸ்டரிடம் காட்ட முடியாது. எழுதிவிட்டேன்.

ஜூன் 12, வியாழன்

நசீமா அக்கா நாயைப் பார்த்தாராம். பிரவுன் கலர், ஒரு காது மடிந்திருந்ததாம். பின்னால் இரண்டு பேர் ஆமாம் என்றார்கள்.

டிரான்ஸ்போர்ட் இன்சார்ஜ் தேவசகாயம் சார் கூப்பிட்டு, "ஒரு நாய்க்கே இவ்ளோ பாக்கிறியே, நல்ல டிரைவர்யா நீ" என்றார். தேங்க்ஸ் சார் என்றேன்.

ஜூன் 13, வெள்ளி

சிஸ்டருக்குக் காட்ட வேறு நோட்டு வாங்கினேன். அதில் நான் இரண்டு இட்லி சாப்பிடுகிறேன்.

ஜூன் 20, வெள்ளி

அந்த இடம் வந்தால் அக்கா ஸ்லோ பண்ணச் சொல்கிறார். நானும் ஸ்லோ பண்ணுகிறேன். ஜன்னல் வழியாக நாலு மேரி பிஸ்கட் போடுகிறார். இல்லாத நாய்க்கு இது ஒரு வாரமாக நடக்கிறது. மறுநாள் பார்த்தால் பிஸ்கட் இருப்பதில்லை. யாரோ சாப்பிடுகிறார்கள்.

ஜூன் 25, புதன்

மத்தியானம் நான் பஸ்ஸில் தூங்கும்போது பக்கத்து ரூட் டிரைவர் வசந்த் என் குறட்டையைப் போனில் பிடித்து டிரைவர்கள் குரூப்பில் போட்டுவிட்டான். கல் போட்ட கிரைண்டர் மாதிரி சத்தம். நடுநடுவே கரண்ட் போய்விடுகிறது. எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான். மூன்று தடவை கேட்டேன்.

ஜூன் 26, வியாழன்

அது சுற்றிச் சுற்றி ஹீனா சிஸ்டருக்கும் போயிருக்கிறது. கூப்பிட்டனுப்பினார். சிரிக்கவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே அதை ஓடவிட்டார். சத்தம் நின்ற இடத்தில் விரலைத் தூக்கினார். மறுபடி நான் கொர் என்று இழுக்கும்போது இறக்கினார்.

"முப்பத்தெட்டு செகண்ட். மூச்சே வுடல நீங்க."

தூக்கத்தில் தொண்டை அடைத்து மூச்சு நிற்கிற வியாதியாம். உடம்புக்கு அது தூக்கமே இல்லையாம். அதனால் பிரஷர் ஏறுமாம். மாத்திரை போட்டும் சர்க்கரை இறங்காததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாமாம்.

"வண்டி ஓட்டும்போது தூக்கம் வருதாண்ணா?"

"இல்ல சிஸ்டர்."

நோட்டைக் கேட்டார். இரண்டாவது நோட்டைக் கொடுத்தேன். புரட்டிப் பார்த்துவிட்டு, "ரொம்ப நல்லா சாப்பிடறீங்க" என்றார். பாராட்டு மாதிரி இல்லை.

வீட்டில் தனகோடியிடம் கேட்டேன், நான் குறட்டை விடுகிறேனா என்று. "எனக்கு ஒண்ணும் கேக்கலியே" என்றாள். அவளுக்கு இடது காது மந்தம். வலது காதைத் தலையணையில் வைத்துத்தான் தூங்குவாள்.

ஜூன் 28, சனி

சாயங்கால டிரிப். நசீமா அக்கா இறங்குகிற ஸ்டாப்பிங்கில் பிரேக்கில் கால் வைத்தபடியே தூங்கிவிட்டேன். அவர்தான் தோளைத் தட்டினார்.

"இன்னா தம்பி, உடம்பு சரியில்லியா?" என்று கேட்டுவிட்டு, இறங்காமல் நின்று ஒன்று சொன்னார். அவர் மகள் ஆஃப்ரீனுக்கு நம் கம்பெனியிலேயே வேலை கிடைத்துவிட்டதாம். திங்கட்கிழமை முதல் வருகிறாளாம். "அவங்க அப்பா வேணாம்னுதான் சொன்னாரு. ஜம்புலிங்கம் வண்டில தான் போவப்போறா, நாய்க்கே பிரேக் போட்ட மனுஷன்னு சொல்லி ஒத்துக்க வெச்சேன்."

ஜூன் 29, ஞாயிறு

ஒன்றும் எழுதத் தோன்றவில்லை. பயமாக இருக்கிறது. சொன்னா வேல போயிடும். நாப்பத்தொம்பது வயசுல வேற இன்னா வேல தெரியும் எனக்கு. சொல்லலன்னா — அந்த மரம் அங்கதான நிக்குது. அது எங்க போவும்.

பிரியாணி சாப்பிட்டேன். எவ்வளவு என்று எண்ணவில்லை.

ஜூன் 30, திங்கள்

ஆஃப்ரீன் மூன்றாவது வரிசை ஜன்னல் சீட்டில் உட்கார்ந்தாள். புது டிபன் பாக்ஸ். "குட் மார்னிங் அங்கிள்" என்றாள். மாதனூர் வருவதற்குள் தூங்கிவிட்டாள். நான் தொடையைக் கிள்ளிக்கொண்டே ஓட்டினேன்.

பஸ்ஸை நிறுத்திவிட்டு நேராக டிஸ்பென்சரிக்குப் போனேன். இந்த நோட்டைக் கொடுத்து, "இதுதான் நெஜ நோட்டு" என்றேன். சிஸ்டர் நின்றுகொண்டே படித்தார். ஒரு இடத்தில் சிரித்தார், மேரி பிஸ்கட் என்று நினைக்கிறேன். முடித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"போய் சாவிய குடுத்துட்டு வாங்கண்ணா. மத்தத நான் பாத்துக்கறேன்."

ஜூலை 1, செவ்வாய்

நேற்று டிஸ்பென்சரியிலிருந்து நேராகச் சாவியோடு போனேன். தேவசகாயம் சார் ரொம்ப நேரம் என்னையே பார்த்தார்.

"நாய் இல்லியா?"

"இல்ல சார்."

"மூணு பேர் பாத்தாங்களேயா."

"ஆமா சார்."

சாவியை டிராயரில் போட்டுப் பூட்டினார். டாக்டர் எழுதிக் கொடுக்கிற வரை, வருகைப் பதிவு பார்க்கிற டைம் ஆபீஸில் உட்கார வேண்டும். அப்புறம் பார்க்கலாம் என்றார். பார்க்கலாம் என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். நானே எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன்.

ஜூலை 10, வியாழன்

நேற்று வேலூர் ஆஸ்பத்திரியில் தலை முழுக்க ஒயரை ஒட்டித் தூங்கச் சொன்னார்கள். தூங்குவதற்கு என்னைப் பாராட்டிய முதல் இடம். மணிக்கு ஐம்பத்து நாலு தடவை மூச்சு நிற்கிறதாம். அன்று புளியமரத்துக்கு எதிரே என் பஸ்ஸில் இருந்தவர்கள் எத்தனை பேரோ அத்தனை.

டாக்டர் சொன்னது: மூச்சு நிற்கும் ஒவ்வொரு தடவையும் உடம்பு ஆபத்து என்று நினைத்து ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றுகிறது. ராத்திரி முழுக்க இதே வேலை. பகலில் அசதி, அசதிக்கு இனிப்பு கேட்கும், எடை ஏறும், ஏறினால் தொண்டை இன்னும் அடைக்கும். "நீங்க சாப்டது மட்டும் தப்பில்ல" என்றார். மட்டும் என்ற வார்த்தையை அழுத்திச் சொன்னார்.

ஜூலை 19, சனி

மெஷின் வந்துவிட்டது. மூக்கில் மாஸ்க், அதிலிருந்து குழாய். காற்றை உள்ளே தள்ளி, தொண்டை அடைக்காமல் பார்த்துக்கொள்ளும். தனகோடி பார்த்துவிட்டு, "புள்ளையாரப்பா" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். ராத்திரி இரண்டு தடவை பிடுங்கி எறிந்தேன்.

ஜூலை 27, ஞாயிறு

மாஸ்க்கைக் கழற்றாமல் ஆறு மணி நேரம் தூங்கி எழுந்தேன். தலை கனக்கவில்லை. கட்டிலில் உட்கார்ந்து சும்மா அழுதேன். ஏன் என்று தெரியவில்லை.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

தனகோடி இப்போது நல்ல காதை மேலே வைத்துப் படுக்கிறாள். மெஷின் நிற்காமல் ஓடுகிறதா என்று கேட்பதற்காம். அப்படியென்றால் இத்தனை வருஷம் ஏன் கீழே வைத்துப் படுத்தாய் என்றேன். பால் பொங்குகிறது என்று எழுந்து போய்விட்டாள். அடுப்பில் பால் இல்லை.

ஆகஸ்ட் 11, திங்கள்

என் பஸ்ஸை வசந்த் ஓட்டுகிறான். நான் கடைசி சீட்டில் பாசஞ்சராகப் போகிறேன். அவன் வளைவில் திரும்பும்போதெல்லாம் என் வலது கால் பிரேக்கைத் தேடுகிறது.

இன்று நசீமா அக்கா பக்கத்தில் போய் உட்கார்ந்து சொல்லிவிட்டேன். அன்னிக்கு நாய் இல்லக்கா, தூங்கிட்டேன்.

"நான் பாத்தேன் தம்பி. பிரவுன்" என்றார்.

கொஞ்ச தூரம் போன பிறகு, "மொத நாள் என் பொண்ண ஏத்தும்போது உனக்குத் தெரியும், இல்ல?" என்றார்.

"தெரியும்."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஆகஸ்ட் 28, வியாழன்

வெறும் வயிற்றில் சர்க்கரை 168 இருந்தது, இப்போது 165. எடை ஒரு கிலோ கூடியிருக்கிறது. பிரஷர் மட்டும் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. டாக்டர் ஆச்சரியப்படவில்லை. "மெஷின் சக்கர மாத்திர இல்ல. சில பேருக்கு எறங்கும், சில பேருக்கு அசையாது. முழிச்சிருக்கற நேரத்துல நீங்க இன்னா செய்யறீங்கன்றதுதான் கணக்கு."

பதினேழு நாளாக அக்கா என்னோடு பேசவில்லை. பிஸ்கட் மட்டும் நிற்கவில்லை. வசந்தை அதட்டி ஸ்லோ பண்ண வைக்கிறார்.

செப்டம்பர் 15, திங்கள்

மத்தியானம் தூக்கம் வருவதில்லை. வேறு வழியில்லாமல் கம்பெனி காம்பவுண்டைச் சுற்றி நடக்கிறேன். ஆறு சுற்று. செக்யூரிட்டி என்ன தொலைத்தாய் என்று கேட்டான்.

மூன்று இட்லி. நிஜ நோட்டில் மூன்று.

அக்டோபர் 27, திங்கள்

9.2 இப்போது 7.8. எடை ஐந்து கிலோ கம்மி. இன்னும் சர்க்கரைக்காரன்தான், மாத்திரை உண்டு. மெஷினில் இருக்கும் கார்டைப் போட்டுப் பார்த்து, தினமும் ஆறு மணி நேரத்துக்குக் கம்மி இல்லை என்று டாக்டர் ஒத்துக்கொண்டார். பகலில் இருட்டு ரூமில் உட்காரவைத்து முழித்திருக்கச் சொன்னார்கள். முழித்திருந்தேன். வண்டி ஓட்டலாம் என்று எழுதிக் கொடுத்தார்.

நவம்பர் 3, திங்கள்

தேவசகாயம் சார் டிராயரைத் திறந்தார்.

நசீமா அக்கா ஆஃப்ரீனைத் தன் பக்கத்தில் முதல் சீட்டில் உட்காரவைத்துக்கொண்டார். அக்கா தூங்கவில்லை. கம்பெனி வாசல் வரை கண்ணாடியில் என் கண்ணையே பார்த்துக்கொண்டு வந்தார். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

நவம்பர் 4, செவ்வாய்

இன்றும் பார்த்தார்.

நவம்பர் 6, வியாழன்

காலை: மூன்று இட்லி.

அந்த இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் குறுக்கே வந்துவிட்டது. பிரேக் போட்டேன். வண்டி நேராக நின்றது, டிபன் பாக்ஸ் எதுவும் உருளவில்லை.

"இன்னா?" என்றார் அக்கா. மூன்று மாதத்தில் என்னிடம் பேசிய முதல் வார்த்தை.

"நாய்."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு எழுந்து முன்கண்ணாடி வரைக்கும் வந்து குனிந்து பார்த்தார். அது ரோட்டு நடுவில் நின்று வாலை ஆட்டிக்கொண்டிருந்தது. ஐந்து மாதமாக யார் அந்தப் பிஸ்கட்டைத் தின்றது என்று தெரிந்துவிட்டது.

"கறுப்பு" என்றார்.

"ஆமாக்கா."

"பிரவுன் இல்லியே."

"இல்லக்கா."

ஜன்னல் பக்கம் போய் நாலு பிஸ்கட்டை ஓரமாகப் போட்டார். நாய் அந்தப் பக்கம் போனது. "ம், எடு வண்டிய" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

புளியமரத்தைத் தாண்டிக் கண்ணாடியைப் பார்த்தேன். ஆஃப்ரீன் தோளில் தலையைச் சாய்த்து அக்கா தூங்கிக்கொண்டிருந்தார்.