கொல்லமேட்டுப் பள்ளிக்கூடத்தில் நாலு பேர்

சித்தூர்,
14-8-2004

சௌபாக்கியவதி தேவயானிக்கு நைனா எழுதுவது. நானும் அம்மாவும் இங்கே வேளைக்குச் சாப்பிட்டு, தூங்கி எழுந்து, நடமாடிக்கொண்டுதான் இருக்கிறோம், இந்த வயதில் அதற்கு மேல் என்ன வேண்டும். நீயும் மாப்பிள்ளை கிரண்குமாரும் குழந்தையும் அங்கே உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறீர்கள் என்று இரண்டு வரி வந்தால் எங்களுக்குப் போதும். உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. போனிலேயே பதில் சொல்லியிருக்கலாம், ஆனால் போன் வந்தால் அம்மா ரிசீவரைப் பிடுங்கிக்கொண்டு குழந்தைக்குப் பல் முளைத்ததா என்று ஆரம்பித்துவிடுகிறாள், அதற்குள் உன் போன் கார்டில் இருக்கிற நிமிஷம் தீர்ந்துவிடுகிறது. நீ சின்ன வயதில் மொட்டை அடித்து எடுத்த போட்டோவைக் கூடத்தில் மாட்டியிருக்கிறாயாம், வீட்டுக்கு வருகிற வெள்ளைக்காரர்கள் இது யார் பையன் என்று கேட்கிறார்களாம், அதைப் படித்துவிட்டு அம்மா சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுப் பத்மினி எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். திருப்பதியில் உன் மாமனாருக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, ஒரு வார்த்தை போன் செய்து கேள், அவர் கேட்கமாட்டார், ஆனால் எதிர்பார்ப்பார்.

முதலில் உன் வேலையே எனக்குப் புரியவில்லை, கோபித்துக்கொள்ளாதே. ஸ்கூல் டிஸ்ட்ரிக்டின் வரவு செலவெல்லாம் பார்க்கிற ஆபீஸில் சேர்ந்திருக்கிறேன் என்று போன வருஷம் எழுதினாய். டிஸ்ட்ரிக்ட் என்றால் நம் சித்தூர் ஜில்லா மாதிரிதானே என்று நினைத்து, என்னோடு ரிடையர் ஆன ரங்கையாவிடம் என் பெண் கையில் நாலாயிரம் பள்ளிக்கூடம் என்று சொல்லிவிட்டேன், அவன் அதை டீக்கடை முழுக்கப் பரப்பிவிட்டான். இப்போது பார்த்தால் மொத்தமே ஐந்து பள்ளிக்கூடம் என்கிறாய். அவன் முகத்தில் எப்படி விழிப்பேன் சொல். சரி, ஐந்துதானே, சின்ன வேலையாக இருக்கும் என்று பார்த்தால் அதுவும் இல்லை. நான் வேலை பார்த்த கல்வி ஆபீஸில் சம்பள பில், பெஞ்சு, சாக்பீஸ், இவ்வளவுதான். உங்களுக்கோ மஞ்சள் பஸ்ஸுக்கு டீசல், பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு, ஒழுகுகிற கூரை, பனி பெய்தால் அதைத் தள்ளுகிற வண்டி எல்லாம் உன் மேஜைக்கு வருகிறதாம். இத்தனையும் நீ எழுதி வைத்த பிறகு ஊர் ஜனங்கள் ஓட்டுப் போட்டு இந்த பட்ஜெட் வேண்டாம் என்று சொல்லலாமாம். நாலு தடவை படித்தேன். ஜனங்களைக் கேட்டா பட்ஜெட் போடுவார்கள்? நல்லதா கெட்டதா என்றுகூட எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

இப்போது நீ கேட்டதற்கு வருகிறேன். பணம் போதவில்லை, ஐந்தில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தை மூடலாமா என்று அறிக்கை எழுதும் வேலை உன்னிடம் வந்திருக்கிறது, அக்டோபரில் ஒரே ஒரு நாள் தலை எண்ணுவீர்கள், அந்த எண்ணிக்கையைப் பார்த்து நீ எழுதுவதுதான் மேலே போகும் என்று எழுதியிருக்கிறாய். அந்தப் பள்ளிக்கூடத்தில் பாதிப் பேர் தோட்ட வேலைக்கு வேறு தேசத்திலிருந்து வந்தவர்களின் பிள்ளைகள் என்றும் எழுதியிருக்கிறாய். நைனா, நீங்கள் முப்பத்தைந்து வருஷம் இதே வேலைதானே பார்த்தீர்கள், நான் என்ன எழுதட்டும் என்று கேட்கிறாய். அடி அம்மா, இந்தக் கேள்வியை இரண்டு மாதத்துக்கு முன்னால் கேட்டிருந்தால் ரூலைப் பார்த்து எழுது என்று ஒரே வரியில் முடித்திருப்பேன். இப்போது என்னால் முடியவில்லை. ஏன் என்று சொல்கிறேன், பொறுமையாகப் படி.

ரிடையர் ஆன பிறகு மாம்பழக்கூழ் கம்பெனி ஒன்றில் சீசனுக்கு மட்டும் ஆஜர்ப் பட்டியல் எழுதப் போகிறேன் என்று உனக்குத் தெரியும். ஜூன் மாதம் ஒரு நாள், பழம் நறுக்குகிற பெண்கள் வரிசையாக வந்து பட்டியலில் பெருவிரல் ரேகை வைத்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்திக்கு உன் வயதிருக்கும், பெயர் கலைவாணி. சும்மா இல்லாமல், இந்தக் காலத்திலும் கையெழுத்துப் போடத் தெரியாதா என்று கேட்டேன். அதற்கு அவள், “தெரியும் சார். தமிழ்ல போடுவேன். இங்க தெலுங்குல போடணும், இல்லாட்டி ரேகை வைன்னு மேஸ்திரி சொல்லிட்டாரு” என்றாள். எதுவரைக்கும் படித்தாய் என்றேன். “நாலாவது படிச்சிக்கினு இருந்தேன். அப்போ ஸ்கூலையே எடுத்துட்டாங்க. ஓடைக்கு அந்தாண்ட தெலுங்கு ஸ்கூலுக்குப் போங்கன்னாங்க. போனேன் சார், ஒரு மாசம் போனேன், ஒண்ணும் புரியல. நைனா மாடு மேய்க்க அனுப்பிட்டாரு” என்றாள். எந்த ஊர் என்று கேட்டேன். கொல்லமேடு என்றாள். “எவனோ ஒரு ஆபீஸரு வந்து எண்ணிக்கினு போனானாம் சார், அதோட போச்சு” என்று சொல்லிவிட்டு, கையில் ஒட்டியிருந்த மாம்பழச் சாற்றைத் துடைத்துக்கொண்டு ரேகை வைத்தாள்.

எண்ணிக்கொண்டு போனவன் நான்தான் தேவயானி. ஆபீஸர்கூட இல்லை, புத்தூர் ஆபீஸில் ஜூனியர் அசிஸ்டெண்ட். எண்பத்தைந்தாம் வருஷம். பிள்ளைகள் குறைவாக இருக்கும் பள்ளிகளைப் பக்கத்துப் பள்ளியோடு சேர்க்கப் போகிறார்கள், நேரில் போய் எண்ணி வா என்று சர்க்குலர். இன்ஸ்பெக்டர் லீவில் இருந்தார், என்னை அனுப்பினார்கள். கொல்லமேட்டுத் தமிழ்ப் பள்ளிக்கு நான் போன நாள் ஆடிக் கிருத்திகை. ஆந்திராவில் அதற்கு லீவு கிடையாது, ஆனால் நம் பக்கத்துத் தமிழ் ஜனங்களில் யார் அன்றைக்கு வீட்டில் இருப்பார்கள்? குழந்தை குட்டியோடு காவடி எடுத்துக்கொண்டு திருத்தணிக்குப் போயிருப்பார்கள். ரிஜிஸ்டரில் முப்பத்தொரு பேர், வகுப்பில் நாலு பேர். வாத்தியார் கோவர்த்தனன் கையைப் பிடித்துக்கொண்டு, “சார், உங்களுக்குத் தெரியாததா? இன்னிக்குக் கிருத்திகை. நாளன்னிக்கு வாங்க சார், பசங்க எல்லாம் வந்துடுங்க” என்று கெஞ்சினார். எனக்குத் தெரியாதா! என் பைக்குள்ளேயே மஞ்சள் வேட்டி இருந்தது. பன்னிரண்டு மணி பஸ்ஸைப் பிடித்து நானும் திருத்தணிக்குப் போக வேண்டியிருந்தது, அதனால்தான் ஒன்பதரைக்கே அங்கே போய் நின்றேன். பாரத்தில் குறிப்பு என்று ஒரு கட்டம் இருந்தது. கிருத்திகை என்று ஒரு வார்த்தை எழுதியிருக்கலாம். எழுதினால், பண்டிகை என்று தெரிந்தும் ஏன் அன்றைக்குப் போனாய் என்று கேட்பார்கள், லீவு சொல்லாமல் மதியத்தோடு கிளம்பியதும் தெரிந்துபோகும். கட்டத்தைக் காலியாக விட்டேன். நாலு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அடுத்த வருஷம் கொல்லமேட்டில் பள்ளிக்கூடம் இல்லை.

இத்தனை வருஷம் அதை நான் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை, அதுதான் எனக்குப் பெரிய குழப்பம். நான் பொய் எழுதவில்லையே. அன்றைக்கு இருந்தது நாலு பேர்தான். வேறு எவனாவது போயிருந்தாலும் நாலுதான் எழுதியிருப்பான், ஆனால் அவனுக்குக் கிருத்திகை தெரியாது, எனக்குத் தெரியும். அப்படியென்றால் தப்பா, தப்பில்லையா? அம்மாவைக் கேட்டேன், அவள் சாமி காரியமாகத்தானே போனீர்கள், விடுங்கள் என்கிறாள். ரங்கையா, சர்க்கார் மூட வேண்டும் என்று நினைத்தால் முப்பத்தொன்று எழுதினாலும் மூடும் என்கிறான். இருக்கலாம். எனக்குத்தான் மனது ஒப்பவில்லை. சீசன் முடிகிற கடைசி நாள், பட்டியலில் தமிழிலேயே போடு என்று கலைவாணியிடம் பேனாவைக் கொடுத்தேன். மேஸ்திரி சிட்டிபாபு தெலுங்கில் கத்தினான், முதலாளி வரைக்கும் போகுமாம், போகட்டும். அவள் நாக்கைக் கடித்துக்கொண்டு ஒவ்வோர் எழுத்தாக, நாலாவது வகுப்புப் பிள்ளை எழுதுவதுபோலவே எழுதினாள். அந்த ஆள் நான்தான் என்று சொல்ல வாயெடுத்தேன், வரவில்லை. பயந்துவிட்டேன் அம்மா, உன்னிடம் சொல்ல என்ன வெட்கம்.

அதனால் மூடு, மூடாதே என்று உனக்குச் சொல்லும் யோக்கியதை எனக்கில்லை. உங்கள் ஊர்க் கணக்கும் எனக்குப் புரியாது, காசு இல்லையென்றால் இல்லைதான். ஒன்று மட்டும் செய். அக்டோபரில் நீங்கள் எண்ணுகிற அந்த நாள் அந்தத் தோட்ட வேலைக்காரர்களுக்கு என்ன நாள் என்று அந்தப் பிள்ளைகளின் தாய் ஒருத்தியிடம் கேள். திருவிழாவோ, அறுவடையோ, ஊருக்குப் போகிற காலமோ, எதுவாக இருந்தாலும் கேட்டு எழுது. குறிப்பு என்று ஒரு கட்டம் உங்கள் பாரத்திலும் இருக்கும், அதைக் காலியாக விடாதே. எழுதினால் உன் பெரிய அதிகாரி முகம் சுளிப்பார், சுளிக்கட்டும்.

குளிர் வருவதற்குள் குழந்தைக்குக் கம்பளிச் சட்டை வாங்கிவிடு. மாப்பிள்ளையை மெதுவாகக் கார் ஓட்டச் சொல். போன வாரம் கிருத்திகைக்கு அம்மா மட்டும் திருத்தணிக்குப் போய்வந்தாள், விபூதிப் பொட்டலம் இதோடு வைத்திருக்கிறேன், மூன்று பேரும் இட்டுக்கொள்ளுங்கள். நான் போகவில்லை. எண்பத்தைந்தில் உனக்கு ஒன்பது வயது, அம்மை போட்டுப் பிழைத்தாய், முடி கொடுப்பதாக வேண்டிக்கொண்டு அன்றைக்குத்தான் உன்னைத் தூக்கிக்கொண்டு மலை ஏறினேன். உன் கூடத்தில் இருக்கிற போட்டோ அன்று சாயந்திரம் எடுத்தது. கலைவாணியும் அன்றைக்கு அந்தக் கூட்டத்தில்தான் எங்கேயோ இருந்திருப்பாள். போட்டோவைக் கழற்றாதே, அது அங்கேயே இருக்கட்டும். அறிக்கை எழுதும்போது மட்டும் ஒரு தடவை நிமிர்ந்து அதைப் பார்.

தீர்க்காயுசாக, மஞ்சள் குங்குமத்தோடு நன்றாக இருக்க வேண்டும் என்று உன்னை ஆசீர்வதிக்கும்,

உன் நைனா,
நா. நாகபூஷணம்