ஜல்லி ரோட்டில் உங்கள் பேர்

ஐப்பசி, திங்கள்

பெல்லு மாமா, விடிந்ததிலிருந்து மழை. கூரை ஒழுகுகிற இடத்தில் உங்கள் குளியல் வாளி.

உங்கள் சைக்கிள் டயரில் கயிறு திணிக்கிற வேலை. டியூப் சிராங்கூன் ரோடு முழுக்கத் தேடியும் இல்லை. தேங்காய்நார்க் கயிறுதான். ஒன்பது விரலை வைத்துக்கொண்டு ஒரு வெற்றிலை மென்று முடிப்பதற்குள் டயரை மாட்டிவிடுவீர்கள். எனக்குப் பத்து இருந்தும் மத்தியானம் ஆகிவிட்டது. ஒரு நகம் போச்சு.

பக்கத்து அறை லட்சுமி அக்கா வாசலில் நின்று வேடிக்கை.

"ஏண்டி, புருஷன் சயாம்லேர்ந்து வர்றதுக்குள்ள சைக்கிள் கடையே வச்சிருவ போல."

"வச்சா உனக்கென்னக்கா?"

"எனக்கென்ன லா. பஞ்சர் ஒட்ட வேலைக்கு வர்றேன்."

பிறகு உள்ளே வந்து கதவைச் சாத்திவிட்டுச் சொன்னாள். புக்கித் தீமாவில் கல் உடைக்கிற கல்மலைக் கூலி லயத்துக்கு ஒருத்தர் திரும்பி வந்திருக்கிறாராம், சயாமில் ரயில் ரோடு போடுகிற வேலையிலிருந்து. பேர் காளிமுத்து. காலில் புண். தேக்காவில் ஜப்பான்காரன் உங்களைப் பிடித்து ஏற்றிய அதே லாரிகளில் போனவராம்.

அந்த லாரி. நீங்கள் பின்பலகையைப் பிடித்துக்கொண்டு அந்தப் பக்கம் பார்த்து நின்றீர்கள். திரும்பவே இல்லை. அதை எழுத வேண்டாம்.

செவ்வாய்

மழை விட்டது. ஓட்டிப் பார்த்தேன். ரேஸ்கோர்ஸ் பக்கத் திடலில் நீங்கள் பிடித்துக்கொண்டே ஓடி வந்து எனக்குச் சைக்கிள் பழக்கிய இடம். கயிறு திணித்த டயர் கட்டை வண்டி மாதிரி. இடுப்பு கழன்றுவிடும்.

அக்கா எப்போதும் கேட்பாள், உன் புருஷன் சந்து முனையிலேயே இரண்டு தடவை மணி அடிக்கிறாரே, பேர் சொல்லிக் கூப்பிட்டால் என்ன என்று. உங்களுக்கும் என் பேர் வாயில் வராது, மணிதான். அதனால்தான் பெல்லு மாமா. அது அக்காவுக்குக்கூடத் தெரியாது.

நாளைக்கு வேண்டியது: அவித்த மரவள்ளி. தண்ணீர்ப் போத்தல். புண்ணுக்கு மஞ்சள். உங்கள் காக்கிக் கால்சட்டை, சேலைக்கு உள்ளே.

புதன்

வெயில். போய் வந்துவிட்டேன்.

சாவடியில் ஜப்பான்காரனுக்கு இறங்கிக் கும்பிடு. அவன் சைக்கிளைச் சுற்றி வந்து டயரை அமுக்கிப் பார்த்தான். கயிறு என்று தெரிந்ததும் சிரித்துவிட்டுப் போ என்று கை காட்டினான். நல்ல டயராக இருந்தால் பிடுங்கியிருப்பான், கயிறு காப்பாற்றியது.

தார் முடிந்து கல்மலை ரோடு. முழுக்க ஜல்லி. விழுந்தேன். முழங்கை. நீங்கள் சொன்னது பிறகுதான் ஞாபகம்: கையை இறுக்காதே, அது போற வழிக்கு விடு, சைக்கிளுக்குத் தெரியும். இறுக்காமல் விட்டேன். போனது.

காளிமுத்து அண்ணன் எலும்பும் தோலும். புண்ணில் ஈ.

"யாரைத் தேடி வந்த தாயி?"

"எங்க வீட்டுக்காரரை."

"பேரு?"

வாய் வரவில்லை. "முருகன் பேருண்ணே."

"முருகனுக்கு ஊருப்பட்ட பேரு லா. வேலனா, கந்தனா?"

"மலையில நிக்கிறவரு. கோவணத்தோட."

அவர் சிரித்துவிட்டு உங்கள் பேரைச் சொன்னார். எழுதவும் கை வரவில்லை. ப. என்று போடுகிறேன்.

"சைக்கிள் ப.வா?" என்றார்.

"ஆமாண்ணே! சைக்கிள்தான்!" அவர் காலடியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"எங்க காம்பு, கூலி ஆளுங்க கொட்டாய், மலை மேல தாயி. விடியக்காலையில மேகம் நம்ம காலுக்குக் கீழ கிடக்கும். குளிர்னா குளிர். ரோடுன்னு ஒண்ணு, ஜப்பான்காரன் ஜல்லியைக் கொட்டி வச்சிருந்தான். ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பாதாளம். மேல் காம்புக்கும் கீழ் காம்புக்கும் சைக்கிள்ல சேதிச் சீட்டு கொண்டு போறது ப. வேலை. ஏத்தத்துல சைக்கிளைத் தோள்ல தூக்கிட்டு நடப்பான். இறக்கம் வந்துட்டா பிடிக்க முடியாது. கல்லெல்லாம் பொறி பறக்கும். நாங்க மண்வெட்டியைப் போட்டுட்டுப் பார்ப்போம், அடி வாங்கிக்கிட்டே பார்ப்போம். கிறுக்கன், ஹேண்டிலை விட்டுட்டுப் பத்து விரலையும் விரிச்சுக் காட்டிக்கிட்டே போவான்."

"இருக்காராண்ணே?"

"நான் வர்றப்ப கல்லு மாதிரி இருந்தான். அவனாவது சாகறதாவது."

திரும்பும்போது விழவே இல்லை.

வியாழன்

உங்கள் சட்டை இரண்டையும் துவைத்தேன். பொத்தான் தைத்தேன். அக்காவுக்கு மரவள்ளிப் புட்டு. சர்க்கரை இல்லை, அவள் பேசிய பேச்சே இனிப்பு.

மேகம் காலுக்குக் கீழே இருக்குமாம். அதை எப்படி மிதிப்பது? வந்து சொல்லுங்கள்.

மறுபடி மழை. நல்ல மழை.

வெள்ளி

மரவள்ளித் தோல் உரித்துக்கொண்டிருந்தேன். என் கை. பத்து விரல்.

கத்தியைக் கீழே வைத்துவிட்டேன்.

உங்கள் இடது சுண்டு விரல் நம் கல்யாணத்துக்கு முன்பே சைக்கிள் சங்கிலியில் போனது. பத்து விரலை எப்படி விரித்துக் காட்டுவீர்கள்?

அக்காவிடம் சொன்னேன்.

"பேச்சுக்குச் சொல்றதுடி. அவரென்ன விரலை எண்ணிக்கிட்டா நின்னாரு?"

"வேற ஆளா இருந்தா?"

அவள் கீழே கிடந்த கத்தியை எடுத்து மரவள்ளியை உரிக்க ஆரம்பித்தாள். "அந்தப் பேர்ல தெருவுக்கு நாலு பேர் இருக்கான். முழுப் பேரைச் சொல்லிக் கேட்டுட்டு வா."

"எப்படிக்கா சொல்றது?"

"எப்படின்னா? வாயாலதான்."

அரிசி கார்டு எழுதும்போதுகூட உங்கள் பேரை அக்காதான் சொன்னாள். புருஷன் பேரைச் சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்று அம்மா வாயில் ஒன்று போடுவாள். சின்ன வயதில் அப்பா பேரைச் சொல்லச் சொல்லி அவளிடம் வாங்கிய அடி இன்னும் உதட்டில் இருக்கிறது.

சனி

போகவில்லை. மழை.

மழை இல்லை. மழை என்று சொல்லிக்கொண்டேன்.

ஞாயிறு

மூட்டம். கிளம்பினேன். வழி முழுக்கச் சொல்லிப் பார்த்தேன். முதல் எழுத்தோடு நின்றுவிடுகிறது. சாவடியில் குனியும்போதும் உதட்டுக்குள் அதுதான்.

ஜல்லி ரோட்டில் இறங்கித் தள்ளிக்கொண்டு போனேன். சீக்கிரம் போய்ச் சேர வேண்டாம் என்று இருந்தது.

"மறுபடியுமா தாயி? மஞ்சள் நல்லாக் கேக்குது, பாரு, காஞ்சிருக்கு."

நின்றபடியே சொன்னேன். மாமனார் பேரையும் சேர்த்து.

"முத்துக்கருப்பன் மகன் பழனிச்சாமி. இடது கையில சுண்டு விரல் கிடையாது."

எழுதிவிட்டேன். சொன்ன பிறகு எழுதுவதில் என்ன.

அண்ணன் ஈ ஓட்டுவதை நிறுத்தினார்.

"ஒம்பது விரல்காரரா. பெரிய பழனியா." பிறகு, "அன்னிக்கே சொல்லியிருக்கக் கூடாதா தாயி. நான் பாட்டுக்கு என்னென்னமோ..."

"சொல்லுங்கண்ணே."

"நான் சொன்னவன் சின்னப் பழனி. கிள்ளான் பக்கத்து ஆளு. சைக்கிள் முதல்ல அவன்கிட்ட இல்ல. உங்க வீட்டுக்காரருதான் ஓட்டினாரு. மேல் காம்புல வாந்திபேதி வந்துச்சு. அதுக்கப்புறம்தான் சைக்கிள் சின்னவன் கைக்கு வந்துச்சு."

நான் ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டேன். அவரே சொன்னார்.

"அவனுக்கு இறக்கத்துல ஓட்டக் கத்துக்குடுத்தது உங்க வீட்டுக்காரருதான். கையை இறுக்காத, சைக்கிளுக்குத் தெரியும்னு சொல்லிச் சொல்லியே..."

அப்போதுதான் சந்தேகம் போனது. அது நீங்கள்தான்.

"எங்கண்ணே?"

"அங்கேயேதான். பாறை தாயி, தோண்ட முடியல. ஜல்லியை அள்ளி மேல போட்டோம். நானும் அள்ளினேன்."

கொண்டுபோன மரவள்ளியை அவரிடம் வைத்துவிட்டு வந்தேன்.

இறக்கத்தில் சைக்கிளில் ஏறி உட்கார்ந்தேன். பிரேக் பிடிக்கவில்லை. ஜல்லி சடசட என்று தெறித்தது. அந்தக் கல்மேல்தான் படுத்திருக்கிறீர்கள் என்று தோன்றியது, இல்லை, கல்லுக்கு அடியில். வாய் விட்டுக் கூப்பிட்டேன். பழனிச்சாமி. பழனிச்சாமி. கல் உடைத்த பள்ளம் திருப்பிச் சொன்னது. ஆயுசு குறைய இனி என்ன இருக்கிறது.

வீட்டில் அக்கா முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டாள். பொட்டில் கை வைக்கப் போனேன், பிடித்துக்கொண்டாள். "இன்னிக்கு வேணாம்டி. நாளைக்கு."

பெல்லு மாமா, அன்றைக்கு லாரி கிளம்பும்போது நானும் ஓடி வந்தேன். "என்னங்க, என்னங்க" என்று கத்தினேன். அங்கே வந்த பெண்கள் எல்லாரும் அதையேதான் கத்தினார்கள். யாரை யார் கூப்பிடுகிறார்கள் என்று எப்படித் தெரியும். நீங்கள் அந்தப் பக்கமே பார்த்து நின்றீர்கள்.

பேரைச் சொல்லிக் கூப்பிட்டிருந்தால் திரும்பிப் பார்த்திருப்பீர்களா?