இலக்கம் போடாத நடை

பெப்ரவரி 8, சனி

கடையில் இன்று உடைந்த போன்கள்தான். மாலையில் ஸஹீத் வந்து இழுத்துக்கொண்டு போனான். மனிதர் நடப்பதை எலும்பும் தசையுமாகக் கணினியில் ஓட்டிப் பார்க்கும் ஒரு மென்பொருளைப் பிடித்துக்கொண்டு அலைகிறான். இலவசம், யாரும் எடுக்கலாம், யாரும் திருத்தலாம். கல்முனையில் அதற்கு ஒரு குழுவும் வைத்திருக்கிறான். நொண்டுகிற கால் ஒன்று தேவையாம். பைக் விபத்துக்குப் பிறகு என் காலை யாரும் ஆசையாகக் கேட்டது இதுதான் முதல் தடவை. உடம்பெல்லாம் ஸ்டிக்கர் ஒட்டி நடக்கவிட்டார்கள்.

பெப்ரவரி 15

என் எலும்புக்கூடு திரையில் நடக்கிறது. முகம் இல்லை, சதை இல்லை. ஆனால் நானேதான்.

இணையத்தில் ஏற்றுவதற்கு முன் பேரை எடுத்துவிட்டு இலக்கம் போட வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். ஸஹீத் போடவில்லை. "ஒண்ட பேரு உலகம் பூரா போகட்டும் மச்சான்" என்றான். எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது.

மார்ச் 4

அந்த மென்பொருளைச் செய்யும் வெளிநாட்டுக்காரர்களின் மாதக் கூட்டத்தில் என் பேரிலேயே 'கிளெய்டன் நடை' என்று காட்டினார்களாம். எனக்குப் பேசி வைத்திருக்கும் றொஷானாவுக்கு உடனே அனுப்பினேன். கல்யாணத்துக்குப் பிறகு என்னோடு நடக்கப் பழக வேண்டுமே என்று கேலி எழுதியிருந்தாள்.

மார்ச் 22

யாரோ திரையில் என் எலும்புக்கூட்டைப் படியில் இறங்கவிட்டிருக்கிறான். விழுகிறது. எழும்புகிறது. திரும்ப விழுகிறது. நம் ஊர்ப் பொடியன்கள் அதற்குக் குதித்தாடும் பைலாப் பாட்டும் போட்டு வாட்ஸ்அப்பில் சுற்றவிடுகிறார்கள். மேலே என் பேர்.

மார்ச் 24

அழிக்கச் சொன்னேன். "இங்க அழிச்சிட்டன் மச்சான். எடுத்தவனெல்லாம் வெச்சிரிக்கான். ஆரிட்டப் போய்க் கேக்கிற?" என்று ஸஹீத் அழுதான். அவன் ஏன் அழ வேணும்? விழுறது அவனா?

ஏப்ரல் 6

றொஷானாவின் வீட்டுக்குப் போனேன். அவளுடைய தாய் கதவடியிலேயே நின்றாள். "ஊரே சிரிக்குது தம்பி. நாங்க எப்பிடித் தலையக் காட்டுற?" அதே காலோடுதானே போன வருசம் பேசி முடித்தார்கள்? உள்ளேயிருந்து றொஷானா, "நான் சிரிக்கல்ல கிளெய்டன்" என்றாள்.

நான் கேட்கவேயில்லையே.

ஏப்ரல் 20, உயிர்த்த ஞாயிறு

நற்கருணை வாங்க எழும்பினேன். பின்னால் வாங்கில் இருந்தவர்கள் அந்தப் பைலாவை முணுமுணுத்தார்கள். திரும்பி வந்து உட்கார்ந்துவிட்டேன்.

மே 10

ஸஹீத் கடைக்கு வந்தான். "இனி நம்பர் போடுற வேல ஒனக்குத்தான். அந்த வலி ஒனக்குத்தானே தெரியும்" என்று திறவுச்சொல்லையும் தந்துவிட்டான். நல்லவன்தான். அதுதான் தாங்க முடியவில்லை.

மே 17

அவனுடைய தாய் சல்மா உம்மாவுக்குப் பாரிசவாதம் வந்து ஒரு காலை இழுத்து இழுத்து நடக்கிறார். அதையும் பதிய வேண்டுமாம். அந்நிய ஆண்கள் முன்னால் நடக்க மாட்டேன் என்று முதலில் மறுத்திருக்கிறார். எலும்பு மட்டும்தான் தெரியும், பேரும் இருக்காது என்று மகன் சொன்ன பிறகு சம்மதித்தார். அவனுடைய தங்கை ஸ்டிக்கர் ஒட்டினாள். நான் மறைப்புக்கு இந்தப் பக்கம் கணினியோடு இருந்தேன்.

முடிந்ததும், "நீ இரிக்கிறாய் எண்டுதான் நம்பி நடந்த மனே. தேத்தண்ணி குடிச்சிட்டுப் போ" என்றார். குடித்தேன். இஞ்சி கொஞ்சம் கூடிப்போயிருந்தது.

மே 19

றொஷானாவுக்கு வேறு இடத்தில் பேசி முடித்தாயிற்றாம். அக்கரைப்பற்று மாப்பிள்ளை. நல்லா நடப்பான் போல.

மே 20

ஏற்றினேன்.

மே 21

"நம்பர் போட்டதானே மச்சான்?" என்று ஸஹீத் கேட்டான்.

"ஓம்" என்றேன். அவன் திறந்துகூடப் பார்க்கவில்லை.

ஜூன் 7, ஹஜ்ஜுப் பெருநாள்

சல்மா உம்மா வட்டிலப்பம் கொடுத்தனுப்பியிருந்தார். கிண்ணம் நிறைய, மேலே கஜு. முழுவதையும் சாப்பிட்டுக் கிண்ணத்தைக் கழுவி வைத்தேன்.

பிறகு போனைத் திறந்தேன். 'சல்மா உம்மா நடை'யை ஏற்கெனவே பலர் எடுத்திருக்கிறார்கள். அதில் ஒருவன், இதைப் படியில் இறங்கவிடுவது எப்படி என்று கேட்டிருந்தான்.

சொல்லிக் கொடுத்தேன்.