பொத்தான் இல்லாத சட்டை

அம்மா, முட்டிவலி எப்படி இருக்கிறது? மாத்திரையைப் பாதியிலேயே நிறுத்தியிருப்பாய், தெரியும். நான் நலம்.

நாள் முழுக்க நான் டப்பாவில் அடைக்கிற காலை உணவை வாங்கித் தின்ன எனக்குக் கட்டுப்படியாகாது. அதனால் அறையிலேயே ஓட்ஸை வறுத்து, சர்க்கரைப் பாகில் புரட்டிச் செய்துகொள்கிறோம். முதல் தடவை பாகை முன்னாலேயே ஊற்றிக் கருக்கிவிட்டேன். இப்போது வறுப்பது என் அறையில் இருக்கும் டிரைவர் தம்பி. "அண்ணே, இதுகிட்ட கம்பெனி சரக்கு பிச்சை வாங்கணும்ணே!" என்கிறான். இந்தக் கடிதத்தையும் அவன்தான் எழுதுகிறான். கையெழுத்தைப் பார்த்துப் பதறாதே. போன மாதம் டப்பா மூடும் மெஷின் என் வலது கையை லேசாகக் கடித்துவிட்டது, அவ்வளவுதான்.

அவனுக்கு டூட்டிக்கு நேரமாகிவிட்டது. சட்டை தைத்து அனுப்புவதாகச் சொன்னாயே, பொத்தான் வேண்டாம். தலைவழியே மாட்டுகிற மாதிரி தை.